‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும் அம்மாவும் கீமோ நாள்களும்

மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் பக்கமிருந்து ஒரு சகோதரி ஐந்து பக்கத்துக்குக் கையால் எழுதி அனுப்பியிருக்கிறார். பெயரையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 34. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கணவர் லாரி ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள். அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. 57 வயது அம்மா இவரோடுதான் இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவர் அவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்ன பிறகு தாமான் குடியிருப்புக்குக் குடிவந்து, குத்தகையாளர் ஒருவரிடம் பள்ளிக்கூடத் துப்புரவு வேலை பார்த்து வந்தார். இனிப்பு நீரும் (நீரிழிவு) உண்டு. மலத்தில் ரத்தம் போவதைப் பல மாதம் மூலம் என்று நினைத்து மறைத்திருக்கிறார். கடைசியில் பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் கட்டம் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப், கூடவே 14 நாளுக்குக் காப்பெசிடபின் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. எட்டுச் சுற்றில் மூன்று முடிந்திருக்கிறது.

“வீட்டில் அம்மா கைகால் எரிகிறது என்று முனகுகிறார், சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறார், ஒரு நாளைக்கு ஆறு தடவை கழிவறைக்குப் போகிறார். டாக்டர் கேட்டால் மட்டும் ‘ஒன்றுமில்லை, நல்லா இருக்கேன்’ என்கிறார். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களாம்” என்று எழுதியிருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி டுரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலைப் பொடி அனுப்பி, கீமோவை விட்டுவிடச் சொல்கிறார். மாமியார் அம்மாவின் தட்டையும் கிளாஸையும் தனியாக வைக்கச் சொல்கிறார். குத்தகையாளர் வேலைக்கு வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன் என்கிறார். அம்மாவோ, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிக்க வேண்டிக்கொண்டிருக்கிறார். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு வரி: “இரண்டாவது கீமோ முடிந்து பதினோராவது நாள் ராத்திரி 38.6 காய்ச்சல். இரண்டு பானடோல் கொடுத்தேன், வேர்த்து இறங்கிவிட்டது. அப்புறம்தான் ஒருவர் சொன்னார், அது உயிருக்கே ஆபத்தாம். டாக்டர், நான் அம்மாவைக் கொன்றிருப்பேனா?”

சகோதரி, முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்தப் பாவமும் செய்யவில்லை. நடுராத்திரியில் வெப்பமானியை எடுத்து அளந்து பார்த்திருக்கிறீர்கள், எண்ணை நினைவில் வைத்திருக்கிறீர்கள். காய்ச்சலுக்குப் பானடோல் என்பது நம் வீடுகளில் மூன்று தலைமுறைப் பழக்கம். அம்மா இன்று உங்களோடு இருக்கிறார். அந்த ராத்திரியை இனி சுமக்காதீர்கள். ஆனால் அது திரும்ப வந்தால் செய்ய வேண்டியது வேறு. அதைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுகிற அளவுக்குத் தெளிவாகச் சொல்கிறேன்.

காய்ச்சல் வந்த ராத்திரி

கீமோ, வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குகிறது. புற்று அணுக்கள் அப்படிப்பட்டவை. எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகும் வெள்ளை அணுக்களும் அப்படிப்பட்டவைதாம். பல கீமோ மருந்துகளில், டிரிப் போட்ட 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரைக்குள் வெள்ளை அணுக்கள் ஆகக் குறைவாக இருக்கும். உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது பதினோராவது நாள். அந்த நேரத்தில் கிருமி உள்ளே நுழைந்தால் சீழ் பிடிக்காது, சளி கட்டாது, வீக்கம்கூடப் பெரிதாகத் தெரியாது. அதையெல்லாம் உண்டாக்குவதே வெள்ளை அணுக்கள்தானே. பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் வெளியே தெரியும் அடையாளம். பானடோல் அந்த ஒரே அடையாளத்தையும் அழித்துவிடும். உடம்பு குளிர்ந்துவிட்டது என்று நாம் படுத்துவிடுவோம், கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கும்.

ஆகவே, வெப்பமானி 38 டிகிரியைத் தொட்டால் அது அவசரம். காலை வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சலே இல்லாமல் உடம்பு உதறினாலும், திடீரென்று குழப்பமாகப் பேசினாலும் அதே அவசரம்தான். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதை நம்பாதீர்கள். மருந்து கொடுக்கும் முன் அளந்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஈப்போவரை ஓட வேண்டியதில்லை. சுங்கை சிப்புட் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போங்கள். வண்டி இல்லையென்றால் 999. இப்படி வரும் நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி ஊசி ஏற வேண்டும் என்பதுதான் மருத்துவர்களின் இலக்கு.

முகப்பில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொன்னால் உங்களைச் சாதாரண வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். “இபு சாயா செடாங் கீமோதெராபி, செகாராங் டெமாம்” (என் அம்மா கீமோவில் இருக்கிறார், இப்போது காய்ச்சல்) என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கீமோ அட்டையையும் மருந்துப் பட்டியலையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கதவுப் பக்கம் மாட்டி வையுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் காய்ச்சலுக்கு ஊசி போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கீமோவில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் குறையும். நம் ஊரில் டெங்கியும் இருக்கிறது. சில வலி ஊசிகளும் வலி மாத்திரைகளும் ரத்தக் கசிவைத் தூண்டிவிடும்.

அம்மா ஏன் மறைக்கிறார்

உங்கள் கடிதத்தில் என்னை ஆகக் கவலைப்படுத்தியது காய்ச்சலைவிட அந்த ‘ஒன்றுமில்லை’தான். நானும் பால் மரம் சீவியவரின் பிள்ளை. விடிகாலைப் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு, நிற்காவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். அதனால் என் அம்மா காய்ச்சலோடும் வாளியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். வலியைச் சொன்னால் இருப்பதையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதை அந்தத் தலைமுறை அனுபவத்தில் கற்றது. உங்கள் அம்மாவுக்கு டாக்டரின் மேசையும் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் மேசை மாதிரிதான் தெரிகிறது. அவரைத் திட்டாதீர்கள். ஆனால் அவர் நினைப்பது தவறு. அதை அவருக்குப் புரிய வைக்க வேண்டும்.

பக்க விளைவைச் சொன்னால் சிகிச்சை நின்றுவிடுமா? பெரும்பாலும் நடப்பது வேறு. முதலில், அதற்கான மருந்தை மாற்றிக் கொடுப்பார்கள். போதாவிட்டால் ஒரு வாரம் தள்ளிப் போடுவார்கள், அளவைக் கொஞ்சம் குறைப்பார்கள். நரம்புப் பாதிப்பு அதிகமானால் ஆக்ஸாலிபிளாட்டினை மட்டும் நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடர்வதும் உண்டு. இந்த மருந்துகளின் சிகிச்சைத் திட்டத்துக்குள்ளேயே இதெல்லாம் எழுதியிருக்கிறது. அளவைக் குறைத்தால் வைத்தியம் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

இன்னொரு விஷயம். மூன்றாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோய்க்கு மூன்று மாதக் கீமோவையும் ஆறு மாதக் கீமோவையும் ஒப்பிட்டு, 12,000க்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வுகளின் தொகுப்பு 2018இல் வெளிவந்தது. கட்டி ஆழமாகப் பரவாமல், பாதித்த நிணநீர்க் கணுக்களும் குறைவாக இருந்தவர்களுக்கு, உங்கள் அம்மா எடுக்கும் இதே கூட்டு மருந்து மூன்று மாதத்திலேயே ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. நரம்புப் பாதிப்பும் வெகுவாகக் குறைந்தது. அம்மா எந்த வகை என்பது அறுவை சிகிச்சை அறிக்கையில் இருக்கும். “எட்டுச் சுற்றும் கட்டாயம் வேண்டுமா, நான்கு போதுமா?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நான்காவது சுற்று நெருங்கும் இந்த நேரம்தான் அதற்குச் சரியான நேரம்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு அம்மா, வயதில் உங்கள் அம்மா மாதிரிதான், ஐந்து நாள் வயிற்றுப்போக்கை யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை ஒழுங்காக விழுங்கிக்கொண்டே இருந்தார். ஆறாவது நாள் நீர் வற்றி, சிறுநீரகம் அடிபட்டு, ஸ்ட்ரெச்சரில் வந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் மாதக் கணக்கில் கீமோ தள்ளிப் போனது. முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு மூன்று நாள் மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டுத் தொடர்ந்திருக்கலாம். இதை உங்கள் அம்மாவிடம் கதையாகவே சொல்லுங்கள்.

555 புத்தகம்

மளிகைக் கடைக் கடனுக்கு எழுதுவோமே, அந்தச் சின்ன 555 புத்தகம் ஒன்று வாங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மேலே டிரிப் போட்டு எத்தனையாவது நாள் என்று எழுதுங்கள். அதன் கீழே காய்ச்சல் எத்தனை, எத்தனை தடவை வெளியே போனார், வாந்தி எத்தனை, என்ன சாப்பிட்டார், சர்க்கரை அளவு எவ்வளவு. “எப்படி இருக்கும்மா?” என்று கேட்டால் “ஒன்றுமில்லை”தான் வரும். கேள்வியை மாற்றுங்கள். “இன்றைக்கு ரவிக்கைக் கொக்கியை நீங்களே போட்டீர்களா?” “ஊசியில் நூல் கோர்க்க முடிந்ததா?” “நடக்கும்போது செருப்பு கழன்று போனது தெரிந்ததா?” இந்த மூன்று கேள்விக்கான பதில் புற்றுநோய் மருத்துவருக்கு மிக முக்கியம். ஆக்ஸாலிபிளாட்டின் விரல் நுனி, பாத நரம்புகளைப் பாதிக்கும், சுற்றுக்குச் சுற்று அது சேர்ந்துகொண்டே போகும். முதல் சில நாளில் வந்து போகும் கூச்சம் வேறு. அடுத்த டிரிப் வரைக்கும் மாறாமல் இருக்கும் மரப்பு வேறு. இரண்டாவது வகை வந்தால் உடனே சொல்ல வேண்டும். ரவிக்கைக் கொக்கி போட முடியாத நிலைக்குப் போன நரம்பு முழுவதுமாகத் திரும்பாமலும் போகலாம்.

டாக்டர் அறைக்குள் போனதும் அம்மா பேசுவதற்கு முன் புத்தகத்தை மேசையில் திறந்து வையுங்கள். அம்மா பொய் சொன்னதாக ஆகாது, உங்களுக்கும் வாதாட வேண்டியிருக்காது.

குளிர்பெட்டியைத் திறந்ததும் கை சுரீர் என்கிறது, ஐஸ் தண்ணீர் குடித்தபோது தொண்டை அடைத்து மூச்சே நின்ற மாதிரி ஆனது என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் ஆக்ஸாலிபிளாட்டின் வேலைதான். பயமுறுத்தும், ஆனால் வெதுவெதுப்பாக ஏதாவது குடித்தால் அடங்கிவிடும். முகம் வீங்கினாலோ, தடிப்பு வந்தாலோ, உண்மையிலேயே மூச்சு இளைத்தாலோ அது வேறு, உடனே ஓடுங்கள். டிரிப் போட்ட ஒரு வாரத்துக்குக் குளிர்பெட்டியை அம்மா தொட வேண்டாம். மீன், இறைச்சி எடுப்பதை நீங்கள் செய்யுங்கள், குளிக்க வெந்நீர் கலந்து கொடுங்கள். கீமோவில் வாய்ப்புண் வராமலிருக்க ஐஸ் கட்டி சப்பச் சொல்லும் காணொளிகள் உலவுகின்றன. அது வேறு மருந்துக்குச் சொன்னது. உங்கள் அம்மாவுக்கு ஆகாது. வாய்க்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை கொப்பளித்தால் போதும்.

கை, வயிறு, சாப்பாடு

உள்ளங்கை எரிச்சல் காப்பெசிடபினால் வருவது. சிவந்து, வீங்கி, தோல் உரிந்து, வெடிக்கும். மரம் சீவும் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைக்கு முதலில் வலி தெரியாது, அதனால்தான் இந்த அம்மாக்கள் தாமதமாகச் சொல்கிறார்கள். யூரியா சேர்ந்த களிம்பைக் காலை, மாலை தடவுங்கள். கையால் துணி துவைப்பது, சூடான பாத்திரம் தூக்குவது, இறுக்கமான ரப்பர்ச் செருப்பு இதெல்லாம் வேண்டாம். குளிர்ச்சி என்று மருதாணி வைக்காதீர்கள். சிவப்பு கூடுகிறதா குறைகிறதா என்று யாராலும் பார்க்க முடியாமல் போய்விடும். வலியால் கரண்டி பிடிக்க முடியவில்லை என்றால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே தொலைபேசியில் கேளுங்கள்.

இதோடு ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை கைரேகையை அழித்துவிடலாம். இதே மருந்தைச் சாப்பிட்ட ஒருவரை ரேகை இல்லை என்று அமெரிக்க விமான நிலையத்தில் நிறுத்தி வைத்ததை 2009இல் சிங்கப்பூர் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் அம்மாக்கள் விமானம் ஏறப் போவதில்லை. ஆனால் வங்கியிலும் கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) முகப்பிலும் மைகார்டு அடையாள அட்டையைச் சொருகிக் கட்டை விரலை வைக்கச் சொல்வார்களே. ரேகை விழாமல் நாலு தடவை அலையாமலிருக்க, மருத்துவமனையில் ஒரு கடிதம் கேட்டு வாங்கி வையுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஒரு கணக்கு உண்டு. வழக்கத்தைவிட நான்கு தடவையோ அதற்கு மேலோ போனால், அல்லது தூக்கத்திலிருந்து எழுந்து போனால், அடுத்த காப்பெசிடபினை விழுங்கும் முன் நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிய ‘ஆறு தடவை’ அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கக்கூடும். இந்தப் பதிலைப் படித்த இன்றே கூப்பிடுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். மாத்திரை தவறிவிட்டால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் மாத்திரை போட வேண்டும், வெறும் வயிற்றில் வேண்டாம். நெஞ்சு வலித்தால் அது வாயு இல்லை. இந்த மருந்து இருதய ரத்தக் குழாயைச் சுருங்க வைக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வாந்தி மாத்திரையை ‘வந்தால் பார்க்கலாம்’ என்று வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது வருமுன் போட வேண்டிய மருந்து. சொன்ன நாள்களுக்குச் சொன்ன நேரத்தில் கொடுங்கள். அதில் டெக்ஸாமெதாசோன் இருந்தால் சர்க்கரை எகிறும், பயப்பட வேண்டாம், அந்த நாள்களில் அடிக்கடி அளந்து எழுதுங்கள். சாப்பிடவே முடியாமல் வாந்தி எடுக்கும் நாளில் இனிப்பு நீர் மாத்திரைகளை வழக்கம்போல் கொடுக்கலாமா என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். தாளிக்கிற வாசனை பிடிக்காவிட்டால் ஆறிய இட்லி, கஞ்சி, ரசம் சாதம், அவித்த மீன், எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முட்டை நல்லது, ஆனால் காப்பிக் கடை அரைவேக்காட்டு முட்டை வேண்டாம், சமைக்காமல் சாப்பிடும் பச்சை உலாம் கீரையும் வேண்டாம். தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

தம்பியும் மாமியாரும்

தம்பி கெட்டவர் இல்லை. தூரத்தில் இருக்கிறவருக்கு எதையாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு. டுரியான் பெலாண்டா இலைச் சாறு ஆய்வுக்கூடக் குடுவையில் புற்று அணுக்களைக் கொன்றது உண்மை. மனிதர்களிடம் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. அதோடு அந்தச் செடியில் அன்னோனாசின் என்று நரம்பைப் பாதிக்கும் பொருள் இருக்கிறது. கரீபியன் தீவான குவாதலூப்பில் அதன் பழத்தையும் இலைத் தேநீரையும் தொடர்ந்து எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் மாதிரியான நரம்பு நோய் காணப்பட்டதை 1999இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஏற்கெனவே கீமோவால் நரம்பு நொந்திருக்கும் அம்மாவுக்கு அந்தப் பொடி வேண்டாம். கடையில் விற்கும் சத்து மாத்திரைகளையும் மருந்தாளுநரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். போலிக் அமிலம் காப்பெசிடபினின் நச்சைக் கூட்டும் என்பது பலருக்குத் தெரியாது.

தம்பியிடம் பொடியைப் பற்றி மட்டும் சண்டை போட்டால் அவர் விலகிவிடுவார். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப் நாளுக்கு வண்டிச் செலவை ஏற்கட்டும். முடிந்தால் ஒரு சுற்றுக்கு நேரில் வந்து அம்மா பக்கத்தில் உட்காரட்டும். டாக்டரிடம் அவரே கேள்வி கேட்கட்டும்.

மாமியார் பயப்படுவது மாதிரி புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பேரப்பிள்ளைகள் மடியில் படுக்கலாம். சளி, காய்ச்சல் உள்ள பிள்ளைதான் பாட்டியைவிட்டுக் கொஞ்ச நாள் விலகியிருக்க வேண்டும், பாட்டியின் நன்மைக்காக. கவனிக்க வேண்டியது மருந்தை. டிரிப் போட்ட முதல் இரண்டு நாள் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து வெளியேறும். கழிவறை மூடியை மூடி இரண்டு தடவை தண்ணீர் விடுங்கள், சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள். மாத்திரை சாப்பிடும் நாள்களிலும் இந்தக் கவனம் தேவை. மாத்திரையை உடைக்கக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர் அதைத் தொடவும் கூடாது.

வேலையும் பணமும்

நான் வக்கீல் இல்லை. வார்டில் பல குடும்பங்களுக்கு வழி காட்டியதில் தெரிந்ததைச் சொல்கிறேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. வார்டில் தங்க வேண்டிய நோய்க்கு அது போக 60 நாள். தங்க வேண்டிய அளவுக்கு நோய் இருக்கிறது என்று மருத்துவர் சான்று கொடுத்தால், வீட்டில் இருந்தாலும் அந்தக் கணக்கில் சேரும். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) தாள் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் குத்தகையாளருக்கு அனுப்புங்கள். பெயரை எடுத்தால் தொழில் உறவு இலாகாவில் (பெர்ஹுபுங்கான் பெருசஹான்) புகார் செய்யலாம். அம்மாவை ஒரு வெள்ளைத் தாளிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். ‘தானாக விலகினேன்’ என்று எழுதிவிடுவார்கள்.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவின் உடல் இயலாமை ஓய்வூதியத்துக்கு 60 வயதுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. சந்தா போதுமா, மருத்துவக் குழு ஏற்குமா என்பது அப்புறம். கேட்காமல் விடாதீர்கள். நீங்கள் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசாங்க ரொக்க உதவியான எஸ்டிஆர் பெறும் குடும்பம் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவின் பெயரிலும் எஸ்டிஆர் வந்தால் பெக்கா பி40 என்ற அரசாங்க மருத்துவ உதவித் திட்டத்தில் சேரலாம். சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 ரிங்கிட் வரையும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையும் கிடைக்கும். மருத்துவமனையின் சமூகநல அதிகாரியைப் பாருங்கள், தேசியப் புற்றுநோய் மன்றமான மக்னாவின் உதவி பற்றியும் அங்கேயே கேட்கலாம். வருமான வரி கட்டுகிறீர்கள் என்றால் பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு, ரசீதுகளை எறியாதீர்கள். கேடபிள்யூஎஸ்பி சேமிப்பை அவசரப்பட்டு உடைக்க வேண்டாம். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு. பணம் தேவைப்படப் போவது வண்டிக்கும் வீட்டுக்கும்தான்.

உங்களுக்கும் ஒன்று. இரவு ஷிப்டுக்குப் போய்விட்டு வந்து பகலில் அம்மாவைப் பார்க்கிறீர்கள், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். 2023 தொடக்கத்திலிருந்து, வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கிடைக்கும் என்று உறுதி இல்லை, ஆனால் எழுதிக் கொடுங்கள். மூன்றாவது வாரம், மாத்திரை இல்லாத அந்த ஏழு நாளில், ஒரு முழு இரவாவது நீங்கள் தூங்க வேண்டும். அன்றைக்கு வெப்பமானி கணவர் கையில் இருக்கட்டும்.

தீமிதி

அம்மாவின் வேண்டுதலைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள், அதுதான் அவருக்கு முதல் கேள்வியாக இருக்கும் என்று நினைக்கிறேன். தீக்குழியில் இறங்க நான் சம்மதிக்க மாட்டேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, தோல் மெலிந்திருக்கிறது, இனிப்பு நீர் வேறு, எதிர்ப்புச் சக்தியும் குறைவு. சாதாரணக் கொப்புளமே அவரை வார்டில் படுக்க வைத்துவிடும். வெறும் காலோடு சுடு தரையில் நடக்கும் பால்குடமும் வேண்டாம்.

ஆனால் கோயிலுக்குப் போகவே கூடாது என்று சொல்லிவிடாதீர்கள். திருவிழாத் தேதியை நர்ஸிடம் சொல்லி, அது ஓய்வு வாரத்தில் விழுகிற மாதிரி டிரிப் நாளைச் சில நாள் நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். இப்படிக் கேட்டுப் பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறோம். கூட்டம் சேரும் முன், காலையில் முதல் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முகக்கவசம் போட்டு, மெத்தென்ற காலுறையோடு, வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். வேண்டுதலை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்கவோ, உங்கள் பெயரில் மாற்றவோ பூசாரியிடம் அம்மாவே பேசட்டும். நீங்கள் சொன்னால் தடுப்பதாக இருக்கும், பூசாரி சொன்னால் உத்தரவாக இருக்கும்.

அந்த வயிற்றுப்போக்கு விஷயத்துக்கு மட்டும் இன்றே கூப்பிட்டுவிடுங்கள். நான்காவது சுற்றுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை முடிந்ததும், 555 புத்தகத்தில் எழுதியதோடு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.